கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தாள்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஜெபஷீலா சேலையை மாற்றிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். மகன் ஜோஷ்வா தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பான். அவன் நீட்டும் வாளியை வாங்கி அம்மா வெளியே கொட்டுவார். ஜோஷ்வாவுக்கு முப்பத்து மூன்று வயது. தேனியில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளர்.

"ஏலே, அந்த ஓரத்த விட்டுட்ட பாரு. மில்லுல மிசினயும் இப்படித்தான் கழுவுறியா?"

"மிசினக் கழுவ மாட்டோம்மா. காத்தடிச்சு விடுவோம்."

"அதான் இங்கனயும் காத்தடிச்சிட்டுக் கெளம்பப் பாக்குற."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறவரை இருவரும் மாடியிலேயே நின்றார்கள். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு" என்றார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. நான்கு மாதமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சிம்ரன் என்ற ஒரு மாணவியின் பெயர், எல்லாச் சான்றுகளோடும், பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதிக்குள் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஜெபஷீலா கல்லூரி அலுவலகத்தில் தன் நாற்காலியிலேயே சரிந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் சின்னமனூர் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தெட்டு.

போடி கடைவீதியில் பிறந்தவர் அவர். தேனியில் இரும்புக்கடை வைத்திருந்த பொன்னுராஜுக்கு வாழ்க்கைப்பட்டார். பிளஸ் டூ படிப்பு, இரண்டு மொழித் தட்டச்சு. ஜோஷ்வா ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது கணவர் இறந்தார். கடையைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டுக் கம்பம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் எழுத்தராகச் சேர்ந்தார். கொடுத்த பிரிவு டெஸ்பாட்ச். வருகிற தபாலைப் பிரித்துப் பதிவது, போகிற தபாலுக்கு எண் போட்டு அனுப்புவது. பதினெட்டு ஆண்டு அதே மேசை. கல்லூரிக்குள் எந்தக் கடிதம் வந்தது, எது போனது, எது போகாமல் கிடந்தது என்று அவருக்குத் தெரிந்த அளவு முதல்வருக்கும் தெரியாது.

ஆனால் ஒரு காகிதம் மட்டும் அவர் மேசைக்கு வராமலே போயிருந்தது.

மூன்று ஆண்டுக்கு முன் அந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பயிர் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம். அவர்களுக்கு வாசலில் மேளம், பூரண கும்பம், பொன்னாடை. ஒரு நாள் திராட்சைத் தோட்டம், ஒரு நாள் சுருளி அருவி. மூன்றாம் நாள் மேடையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் மூன்று தாள். செயலர் முத்துராமலிங்கத்துக்கு அதை உடனே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று ஆசை. மூன்று தாளையும் எப்படி ஒரே சட்டத்தில் போடுவது? இரு தரப்பு முத்திரையும் கையெழுத்தும் இருந்த கடைசித் தாளை முன்னால் வைத்தார்கள். மற்ற இரண்டையும் அதற்குப் பின்னால் அட்டைக்குப் பதிலாக வைத்து ஆணியடித்துவிட்டார்கள். முதல்வர் அறையில், பார்வையாளர் உட்காரும் சோபாவுக்கு நேர் எதிரே அது தொங்கியது. ஆய்வுக் குழு வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். குழுவும் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போகும். சேர்க்கைக் காலத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்த கல்லூரி என்று மார்க்கையன்கோட்டையிலிருந்து கூடலூர் வரை சொல்லிக்கொண்டு போனார்கள். எந்தக் கையை எதற்காகக் கோத்தோம் என்று ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் அலுவலகம் முழுவதையும் துடைப்பது வழக்கம். ஜெபஷீலா கிறிஸ்தவர். துடைக்கிற வேலை அவருக்கு, சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை அட்டெண்டர் அம்மாவாசிக்கு. இது அவர்களுக்குள் பதினெட்டு ஆண்டு உடன்பாடு. போன அக்டோபரில் அந்தச் சட்டத்தைக் கழற்றியபோது கரையான் மண் கொட்டியது. ஜெபஷீலா பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினார். இரண்டு தாளும் தரையில் விழுந்தன. நின்றபடியே படித்தார். பதினெட்டு ஆண்டு ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவருக்கு அந்த மொழிநடை புரியாமல் போகாது.

நான்காண்டு ஒப்பந்தம். ஒவ்வோர் ஆண்டும் கடைசி ஆண்டு மாணவர் இருவர். இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து அனைத்தும் அவர்கள் பொறுப்பு. இருவரில் ஒருவராவது குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருக்க வேண்டும். பெயர்களைப் பிப்ரவரி கடைசிக்குள் கல்லூரி அனுப்ப வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆறு பிள்ளைக, ஏலே" என்றார் மகனிடம். "மூணு வருசத்துல ஆறு பிள்ளைக. கண்ணாடிக்குப் பின்னால வச்சு ஆணியடிச்சிருக்காக. நான் வேற வருசா வருசம் அதத் தொடச்சுக் குடுத்திருக்கேன்."

மின்னஞ்சல் அவர் மேசைக்கு வருவதில்லை, முதல்வர் அறையோடு சரி. மறுவாரம் கல்லூரியின் பழைய மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இந்த ஆண்டு யாரை அனுப்புகிறீர்கள்? ஒவ்வொரு ஜனவரியிலும் பதிலும் போயிருந்தது. பொங்கல் வாழ்த்து. வேட்டி கட்டிய பேராசிரியர்கள் பானைக்கு முன் நிற்கும் படம். மூன்று கேள்விக்கு மூன்று பானை. அந்தப் பக்கத்தில் இருந்தவர்களும் நன்றி என்று எழுதிவிட்டு அடுத்த ஜனவரி வரை பேசாமல் இருந்திருக்கிறார்கள். கடைசிக் கடிதத்தில் மட்டும், உங்கள் மாணவர்களுக்கு விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம், நான்காம் ஆண்டோடு இதை முடித்துக்கொள்ளலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

விருப்பம் இல்லை என்று யார் சொன்னது? கேட்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும்.

முதல்வரிடம் போனார். முதல்வர் கெட்டவர் அல்ல. எதையும் கிளறாமல் ஓய்வுபெற நினைப்பவர். அது கமிட்டிக்குக் காட்டுவதற்காகப் போட்டது, நம் பிள்ளைகள் மதுரை தாண்டிப் போகவே தயங்குகிறவர்கள் என்றார். "போகலாம்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க சார். அப்புறம் தயங்குதுகளான்னு பாப்போம்" என்றார் ஜெபஷீலா. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை யாரோ அன்றே கிழித்தார்கள். அடுத்த தாளைத் தேர்வுக் கட்டணம் கட்டும் ஜன்னலுக்கு மேல் ஒட்டினார். அந்த ஜன்னலுக்கு வராமல் எந்த மாணவரும் பரீட்சை எழுத முடியாது. இருபத்து மூன்று பேர் விண்ணப்பித்தார்கள்.

மதிப்பெண் வரிசையில் முதலில் நின்றது சிம்ரன். தாவரவியல் கடைசி ஆண்டு, சுருளிப்பட்டிப் பெண். அம்மா பஞ்சம்மாள் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. அப்பா சுருளியாண்டி கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காவல். சிம்ரன் செய்திருந்த ஆய்வும் பன்னீர் திராட்சை இலையில் விழும் அடிச்சாம்பல் நோயைப் பற்றியதுதான். மழை பெய்த மறுநாள் அம்மா வேலை செய்யும் தோட்டத்திலேயே இலைகளைப் பறித்து எண்ணி எழுதியிருந்தாள். ஜெபஷீலா அதைத் தட்டச்சு செய்து கொடுத்தார். ஜோஷ்வா வரைபடங்களைச் சரிசெய்து கொடுத்தான். படிக்கும்போதே அவனுக்குத் தெரிந்தது, இது நகல் எடுத்த வேலை அல்ல.

விஷயம் வெளியே தெரிந்ததும் அதுவரை அந்தத் தாளை எட்டிப் பார்க்காதவர்களுக்கெல்லாம் கண் திறந்தது. செயலரின் தம்பி பேத்தி அதே கல்லூரியில் படித்தாள். அப்பா மருத்துவர், அம்மா வழக்கறிஞர். ஓர் இடம் அவளுக்கு என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. மதிப்பெண் வரிசையில் அவள் பதினாறாவது. ஜெபஷீலா இரண்டு நாள் சாப்பிடாமல் பொருமினார். பிறகு ஒப்பந்தத்தின் இரண்டாம் தாளை நகலெடுத்து, ஒருவராவது முதல் பட்டதாரி என்ற வரியில் மஞ்சள் மை பூசி, ஒவ்வொரு குழு உறுப்பினர் மேசையிலும் வைத்துவிட்டு வந்தார். மற்ற இடத்தில் யாரும் கை வைக்க முடியவில்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள் கல்லூரியில் இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை, இரண்டு நிமிட மௌனம். கல்லூரியை உலக வரைபடத்தில் ஏற்றிய தாய் என்று முத்துராமலிங்கம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜோஷ்வா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது படிக்கட்டில் சிம்ரன் நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது. அவள் விண்ணப்பம் காணவில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

திங்கட்கிழமை ஜோஷ்வா மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனான். அம்மாவின் மேசை டிராயரில் காகிதம் ஒட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். இறந்த ஊழியரின் பொறுப்பை ஒப்படைக்க ஒரு கமிட்டி கூட வேண்டும். கமிட்டி மார்ச் இரண்டாம் வாரம் கூடும். அதுவரை டிராயரை யாரும் தொடக் கூடாது. முதல்வர் இதைச் சொல்லும்போது செயலரும் அங்கேயே இருந்தார்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவனை அம்மாவாசி வராந்தா ஓரத்துக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னார். ஆம்புலன்ஸ் போன பிறகு டிராயர் திறந்தேதான் கிடந்தது. சாவி அதிலேயே தொங்கியது. உள்ளே இரண்டு கவர். செயலரே வந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். தம்பி பேத்தியின் கவர். அன்று சாயங்காலமே அது மின்னஞ்சலில் போய்விட்டது. மற்றதை உள்ளேயே வைத்துப் பூட்டி, அதற்கப்புறம்தான் முத்திரை வைத்தார்கள்.

"நான் சொன்னேன்னு சொல்லிறாதீக தம்பி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சொன்னாலும் சொல்லுங்க" என்றார்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு போன வண்டி சின்னமனூரைத் தொட்டிருக்காது. அதற்குள் ஒரு கவரை எடுக்க ஒரு கைக்கு நேரம் இருந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்த இன்னொரு கவருக்குத்தான் விதி, முறை, கமிட்டி எல்லாம்.

ஜோஷ்வா திரும்ப உள்ளே போனான். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கைப்பையோடு கொடுத்த சாவிக்கொத்தில் டிராயருக்கான மாற்றுச் சாவியும் இருந்தது. அதை முதல்வர் மேசையில் வைத்தான்.

"தம்பி, ஒங்கம்மா மேல எங்களுக்கு எம்புட்டு மரியாதைன்னு ஒனக்குத் தெரியும்" என்றார் முத்துராமலிங்கம். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"செவ்வாக்கெழம ஒரு கவர எடுத்தீகளே சார், அதுக்கு எத்தன மணிக்குக் கமிட்டி கூடுச்சு?"

முதல்வர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். முத்துராமலிங்கம், யார் சொன்னது என்று கேட்டார். ஜோஷ்வா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மெதுவாகத்தான் பேசினான், சத்தம் போடவில்லை. பத்து நிமிடத்தில் டிராயர் திறக்காவிட்டால், ஒப்பந்தத்தின் மூன்று தாளோடும் இருபத்து மூன்று பேரின் மதிப்பெண் பட்டியலோடும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தானே எழுதப் போவதாகச் சொன்னான். எல்லாவற்றின் நகலும் வீட்டுக் கணினியில் இருந்தன. அம்மா எதையும் ஒரே இடத்தில் வைக்கிற ஆள் இல்லை.

டிராயர் திறந்தது. முத்திரையைக் கிழித்தவர் முதல்வர். கவரில் இருந்த ஒவ்வொரு தாளிலும் அவரே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி முத்திரை குத்தினார். முடித்த பிறகு தாழ்ந்த குரலில், "நானே எடுத்துக் குடுத்திருக்கணும்" என்றார். ஜோஷ்வா கவரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

மதிப்பெண் பட்டியல், ஆய்வுக் கட்டுரை, இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரை, பாஸ்போர்ட் நகல் எல்லாம் கவரில் இருந்தன. ஒன்றுதான் குறைந்தது, முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று வருவாய்த் துறை தரும் சான்று அது. பதினாறு ஆண்டுக்கு முன் ஜோஷ்வாவின் பொறியியல் கட்டணச் சலுகைக்காக அதே சான்றிதழுக்கு ஜெபஷீலா அலைந்திருக்கிறார். எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்று அவருக்கு மனப்பாடம். விண்ணப்பத்தோடு குடும்பத்தாரின் உறுதிமொழி வேண்டும். அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தாளின் மூலையில் அம்மாவின் எழுத்தில் பென்சிலில்: 25, புதன், மேலே தோட்டம், சுருளியாண்டி, நேரில்.

பஞ்சம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டான். அவர் விளக்கிச் சொன்னார். சுருளியாண்டி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டார். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அண்ணன் நீட்டிய ஒரு தாளில், ரேஷன் அட்டைக்கு என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். அப்பா விட்டுப்போன நிலத்தில் அவருடைய பங்கு அதோடு போயிற்று. அதன்பின்தான் மலைக்குப் போனார். மாதம் ஒருமுறை இறங்கி வருவார். தோட்டத்தில் போனுக்கு டவர் கிடையாது. பொங்கலுக்கு வந்தபோது மகளே கெஞ்சிப் பார்த்தாள், மசியவில்லை. பிறகு ஜெபஷீலா தோட்டத்துக் கங்காணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தத் தேதியில் நானே வருகிறேன், ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்கிறேன், பிடித்தால் போடுங்கள் என்று. அதற்கு அவரும் சரி என்று பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"நான் போனா வீம்பு பிடிப்பாக தம்பி" என்றார் பஞ்சம்மாள். "சிம்ரனுக்கு நாளைக்கும் நாளன்னைக்கும் செய்முறைத் தேர்வு இருக்கு. ஆபீஸ்காரக போய்ச் சொன்னாத்தான் கேப்பாக."

கையெழுத்து மட்டும் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் கிடைக்கும்படி தாலுகா அலுவலகத்தில் அம்மா முன்பே பேசி வைத்திருந்தார். சனிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பத்தில் ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஜோஷ்வா ஏறினான். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினேழு பெண்கள். இடித்து ஒதுங்கி அவனுக்கு ஒரு முழம் இடம் கொடுத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து ஒருத்தி, புதுக் கங்காணியா என்று கேட்டாள். இல்லை, கையெழுத்து வாங்கப் போகிறேன் என்றான். யாரிடம் என்றார்கள். பெயரைச் சொன்னதும் ஜீப்பே சிரித்தது.

"ஆத்தாடி, அந்தாளு சம்பளப் பேரேட்டுலயே கைநாட்டுத்தான வைப்பாரு. எழுதத் தெரிஞ்சுக்கிட்டே."

கம்பம்மெட்டு தாண்டியதும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, பிறகு இல்லாமல் போயின. கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மில்லில் ஓர் இயந்திரம் நின்றால் காரணம் கண்டுபிடித்துவிடலாம். பேரிங், பெல்ட், மின்சாரம், ஏதோ ஒன்று. இங்கே எது பழுது? சட்டம் போட்ட கையா, பானைப் படம் அனுப்பிய கையா, ஒரு கவரை மட்டும் எடுத்த கையா? எல்லாக் கையும் இன்றைக்கும் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தன. நின்றுபோனது அம்மா ஒருவர்தான்.

எட்டேகாலுக்குத் தோட்டத்து வாசலில் இறங்கினான். சுருளியாண்டி ரப்பர் குழாயால் நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். தலையில் துண்டு. கல்லூரியிலிருந்து வருவதாக ஜோஷ்வா சொன்னதும் குழாயைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே அவனுக்குப் பின்னால், ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"டெஸ்பாட்ச் அம்மா எங்க?"

ஜோஷ்வா தாளை எடுத்தான்.

"இருக்கட்டும் தம்பி. அவுகதான் வர்றேன்னு சொன்னாக. ஒவ்வொரு வரியா வாசிச்சுச் சொல்றேன்னு சொல்லிவிட்டாக. அவுக வரட்டும். அவுக சொன்னாப் போடுறேன்."

அம்மா இறந்துவிட்டார் என்ற வார்த்தையை இந்த எட்டு நாளில் ஜோஷ்வா யாரிடமும் சொல்ல நேரவில்லை. அவனுக்குத் தெரியும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவருக்குத் தெரியாது. இவர், அவன் உட்கார ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டார். அதன் பக்கத்தில் டெஸ்பாட்ச் அம்மாவுக்கென்று இன்னொன்றையும் இழுத்துப் போட்டு, ஈரம் போகத் துண்டால் துடைத்தார்.